டெம்போவில் கிருமி இல்லை

சந்துருவின் வலது காலில் வைத்த எலும்பு சந்துருவுடையது அல்ல. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள். புனேக்கு அருகே தளேகாவ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது ஒரு லாரி உரசி விழுந்ததில், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தோல்கூடக் கிழியவில்லை. மாவுக்கட்டு, கம்பி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. முறிந்த இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சேரவே மறுத்துவிட்டன. கடைசியில் பிம்ப்ரி ஆஸ்பத்திரியில் டாக்டர் நிம்பாள்கர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, நடுவிலிருந்த இடைவெளியைக் காட்டினார்.

"இங்கே தானமாக வந்த எலும்பை வைத்து அடைத்துவிடலாம்" என்றார் ஹிந்தியில்.

"யாரோட எலும்பு டாக்டர்?" என்று கேட்டாள் சந்துருவின் மனைவி ஸ்ரீலக்ஷ்மி.

"நவாஸ்தி திசு வங்கியின் எலும்பு."

நவ அஸ்தி என்றால் புது எலும்பு என்று விளக்கமும் சொன்னார். தமிழ்க் காதுக்கு அது நேற்றுத்தான் ஆற்றில் கரைத்ததுபோல் கேட்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஸ்ரீலக்ஷ்மி சுத்தம் பற்றி மட்டும் கேட்டாள். பிம்ப்ரியிலேயே ஒரு பிஸ்கட் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவள். அதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"காமாக் கதிர் பாய்ச்சியது. உறைமேல் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். கதிர் பட்டால் மஞ்சள் பொட்டு சிவப்பாகிவிடும். சிவப்பு என்றால் சுத்தம்" என்றார் டாக்டர்.

பொட்டு சிவப்பாகத்தான் இருந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரே உடம்பிலிருந்து எடுத்த எலும்புகளுக்கெல்லாம் பொதுவான தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டிக் கொடுத்தார்கள். சந்துரு வீட்டுக்கு வந்து, மிசல் பாவ் வேண்டும் என்று கேட்கும் அளவுக்குத் தேறினான்.

அதற்கு அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது.

முதலில் லேசாக. பிறகு, பல் கிட்டிக்கொள்ளும் குளிருடன். தையலுக்கு நடுவிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்தது. அதன் வாடை பத்தி கொளுத்தியும் போகவில்லை. சந்துரு பொதுவாக வலியைக் காட்டிக்கொள்ளாதவன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஸ்ரீ, கால் என்னோடது மாதிரியே இல்லை. யாரோ உள்ள உக்காந்துண்டு இருக்கா" என்றான். அவள் அன்றே ஆட்டோ பிடித்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

ஆஸ்பத்திரி முகப்பில் பெரிய மின்பலகை ஒன்று உண்டு. இந்த ஆண்டு ஏற்பட்ட தொற்றுகள்: பூஜ்யம். அதற்குக் கீழே சிரித்த முகத்துடன் ஒரு நர்ஸின் படம்.

சீழை எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று, கட்டுப் பிரிக்கும் அறையில் டாக்டர் நிம்பாள்கர் தன் உதவியாளரிடம் தாழ்ந்த குரலில் மராத்தியில் சொன்னார்: "இது உயிரோடு இருப்பவர் தோலில் வரும் கிருமி இல்லை. குடலில் இருப்பது. செத்தபின் உடம்பெல்லாம் பரவுவது." தமிழ்ப் பெண்ணுக்கு மராத்தி புரியாது என்று நினைத்திருப்பார். ஸ்ரீலக்ஷ்மி பிறந்து வளர்ந்தது இதே புனேயின் கட்கியில்.

"அப்படின்னா அந்த எலும்புலேர்ந்துதானே வந்திருக்கு?" என்று மராத்தியிலேயே கேட்டாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "தொற்றுக் குழுவிடம் கேளுங்கள்" என்றார். அதற்குப்பின் அவர் அவளிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார்.

தொற்றுக் குழு என்பது கோட்டும் சூட்டும் போட்ட மூன்று பேர். அவர்களில் தலைவர் மிகப் பொறுமையாக விளக்கினார். "பாருங்கள் மேடம், எங்கள் மருத்துவமனையில் தொற்று கிடையாது. பலகையைப் பார்த்திருப்பீர்கள். தொற்றே இல்லாத இடத்தில் உங்கள் கணவருக்கு மட்டும் எப்படித் தொற்று இருக்க முடியும்? இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தாமதக் கசிவு. தாமதக் கசிவுக்குத் தனிப் பலகை இல்லை."

"அவருக்கு நூத்தி மூணு டிகிரி ஜுரம் சார்."

"அது கசிவின் உணர்ச்சி" என்றார் தலைவர்.

எலும்பை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் நிம்பாள்கர் முடிவு செய்தார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. திரும்பவும் வெட்டி, வைத்ததை எல்லாம் சுரண்டி எடுத்து, மருந்து உருண்டைகளை உள்ளே வைத்து, காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டிவிட்டார்கள். வளையத்துக்குள் கிடந்த காலைப் பார்த்துவிட்டு சந்துரு கேட்டான்: "அந்த ஆளோட எலும்பு வேற யாருக்கெல்லாம் போயிருக்கும், ஸ்ரீ?"

அந்தக் கேள்விதான் அவளை உட்காரவிடாமல் செய்தது. அவள் கம்பெனியில் ஒருமுறை யாரோ ஒரு குழந்தையின் பிஸ்கட்டில் ஒரு தலைமுடி கிடந்தது. அன்று மாலைக்குள் அந்தத் தொகுதி பூராவையும் நாசிக்கிலிருந்து கோலாப்பூர் வரை கடைகடையாகத் திரும்ப வாங்கிவிட்டார்கள். எலும்புக்கும் அப்படி ஏதாவது வழி இருக்கும் என்று அவள் நம்பினாள்.

லோணாவ்லா லோக்கல் ரயிலைப் பிடித்து தளேகாவில் இறங்கி, நவாஸ்தி திசு வங்கிக்குப் போனாள்.

வங்கியின் வரவேற்பறையில் உட்காரவே தலைக்கு உறை, காலுக்கு உறை, முகமூடி, நீல அங்கி எல்லாம் போட வேண்டியிருந்தது. கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு வீடியோ காட்டினார்கள். அவள் கழுவுவதை ஒருவர் நின்று பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கவைத்து நாலாபுறமும் காற்று அடித்தார்கள். பிறகு தானம் கொடுத்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். மௌனம் நடந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு ஒருவர் ரப்பர் செருப்புடன் வந்தார். ஒரு ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, போன் பேசினார். அவருக்கு உறை எதுவும் இல்லை. அவர் பார்வையாளர் அல்ல, ஊழியர் என்று சொன்னார்கள்.

இயக்குநர் டாக்டர் வைஷாலி பராஞ்ச்பே மெல்லிய குரலும் முத்து மாலையும் உடையவர். அவருக்குப் பின்னால் சுவர் தெரியாத அளவுக்குச் சான்றிதழ்கள்.

"ஒரே ஒரு தானக்காரர் முப்பது பேருக்கு மேற்பட்டவர்களை நிமிர்ந்து நிற்க வைக்கிறார், தெரியுமா?" என்றார். "இடுப்பு, முதுகு, முட்டி. நினைத்தாலே எனக்குக் கண் கலங்கிவிடும்."

"அந்த முப்பது பேருக்கும் சொல்லிட்டீங்களா மேடம்?"

"எதை?"

ஸ்ரீலக்ஷ்மி எண்ணைச் சொன்னாள். இயக்குநர் கணினியில் தட்டிப் பார்த்தார். முகத்தில் சின்ன வருத்தம்கூட வந்தது.

"ஆமாம். இந்தத் தொகுதியில் சோதனைக்கு அனுப்பிய துண்டில் கிருமி வளர்ந்திருக்கிறது. அந்தத் துண்டை உடனே அழித்துவிட்டோம். எங்கள் ஒழுங்கு அப்படி."

"அப்போ மத்ததெல்லாம்?"

"மற்றவை சோதிக்கப்படவே இல்லையே! உங்கள் கணவருக்கு வைத்ததும் சோதிக்கப்படாத துண்டு. சோதிக்காத ஒன்றில் கிருமி இருந்தது என்று எப்படிச் சொல்வது? நாங்கள் அறிவியல் பூர்வமான நிறுவனம் மேடம். ஆதாரம் இல்லாமல் பேச மாட்டோம்."

"முடிவு வர்றதுக்கு முன்னாடியே எலும்பை எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்க?"

"முடிவு வர இரண்டு வாரம் ஆகும். அங்கே நோயாளி வலியில் துடிப்பார். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதில்லையா?"

"கதிர் அடிச்சா கிருமி செத்துடும்னு சொன்னாளே? பொட்டு சிவப்பா இருந்துதே?"

"பொட்டு எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். கதிர் பாய்ச்சும்போது நாங்கள் அதை எலும்புப் பெட்டிக்கு வெளியே வைத்து, சிவந்தபிறகு எடுத்து ஒவ்வொரு உறையிலும் ஒட்டுகிறோம். பெட்டிக்குள்ளே நடுவில் வைத்தால் பல சமயம் சரியாகச் சிவப்பதில்லை. சர்ஜன்களுக்கு வீண் பயம்."

ஸ்ரீலக்ஷ்மி பிஸ்கட் கதையைச் சொன்னாள். தொகுதி முழுக்கத் திரும்ப வாங்கியதைச் சொன்னாள். இயக்குநர் அவள் கையை அங்கியோடு சேர்த்துப் பற்றிக்கொண்டார்.

"பிஸ்கட் விற்பது மேடம். எலும்பு தானம். கொடுத்த தானத்தை யாராவது திருப்பிக் கேட்பார்களா?"

வெளியே போகவும் அதே கண்ணாடிக் கூண்டு வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே ஒரு திரை ஒளிர்ந்தது. உங்கள் வருகை எப்படி இருந்தது? மகிழ்ச்சி என்று ஒரு முகம், மிகவும் மகிழ்ச்சி என்று ஒரு முகம். ஏதாவது ஒன்றை அழுத்தாமல் கதவு திறக்காது. காற்று வேறு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அழுத்தினாள். எந்த முகம் என்று பார்க்கவில்லை.

அடுத்த நாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, புனே கேம்ப் பகுதியில் இருந்த திசு நெறிமுறை வாரியத்துக்குப் போனாள். இப்படிப்பட்ட வங்கிகளுக்கெல்லாம் அனுமதி கொடுக்கும் அலுவலகம் அதுதான். அதிகாரியின் பெயர் அனந்தராமன் என்று கதவில் எழுதியிருந்ததைப் படித்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தமிழில் சொன்னால் புரிந்துகொள்வார்.

அவர் புரிந்துகொண்டார். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கோம்மா. எந்த ஊர் நீங்க? அப்பா டிஃபென்ஸா? அதான் பாத்தேன். காபி குடிக்கறேளா? ஆத்துலேர்ந்து பிளாஸ்க்ல கொண்டு வரேன், இங்க இவா குடுக்கற கஷாயத்தைக் குடிக்க முடியாது."

அவள் காபியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுநடுவே "ஐயையோ", "பாவமே" என்றார்.

"ரொம்பக் கஷ்டம். ஆனா ஒரு விஷயம் சொல்லுங்கோ. அந்த எலும்பு இப்போ எங்க இருக்கு?"

"எடுத்தாச்சு சார். ஆஸ்பத்திரிலேயே அழிச்சுட்டா."

"பாத்தேளா, அது மருத்துவக் கழிவு ஆயிடுத்து. கழிவுக்கு வேற ஆபீஸ்."

"எடுக்கறதுக்கு முன்னாடி வந்திருந்தா?"

"கால்ல இருந்தா அது திசு இல்லைம்மா, பேஷண்ட். பேஷண்ட் ஆஸ்பத்திரி பொறுப்பு. வங்கிக்குள்ள இருக்கறச்சே அது தானம். தானத்துல நாங்க தலையிடப்படாதுன்னு ஒரு கொள்கை. எங்க அதிகாரம் வங்கி வாசல்லேர்ந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். நடுவுல ஏதாவது ஆயிருந்தா சொல்லுங்கோ, கிழிச்சுடறேன்."

"நடுவுலன்னா?"

"டெம்போ."

ஸ்ரீலக்ஷ்மி டம்ளரைக் கீழே வைத்தாள். "எலும்பு மருந்து இல்லையா சார்? மருந்துன்னா கெட்டுப்போனதைத் திரும்ப வாங்குவாளே?"

"மருந்துன்னா கரையணும்மா. உறுப்புன்னா துடிக்கணும், வடிகட்டணும், ஏதாவது வேலை செய்யணும். இது சும்மா நிக்கறது. கருவின்னு சொல்லலாம்னா எவனும் தயாரிக்கலை, பகவான் தயாரிச்சிருக்கார். இது என்னன்னு தீர்மானம் பண்ண ஒரு கமிட்டி இருக்கு. நான் சர்வீஸ்ல சேர்ந்தப்பவே இருந்தது. அதுல நான்தான் இப்போ செயலர்."

"அது போகட்டும் சார். அதே எலும்பு வெச்சிருக்கற மத்தவாளுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அனந்தராமன் முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்தார். அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஒண்ணும் இல்லாதவாளைப் போய் பயமுறுத்தின பாவம் நமக்கு எதுக்கு? ஏதாவது ஆச்சுன்னா அவாளே வந்துடுவா. நீங்க வரலையா?"

அவர் சும்மா இருக்கவில்லை. ஆய்வுக்கு உத்தரவிட்டார். வாரியத்திலிருந்து நாலு பேர் ஒரு ஜீப்பில் போய், எலும்பை ஏற்றிப்போகும் டெம்போவைச் சோதித்தார்கள். இருக்கைக்கு அடியில், டயரில், ஸ்டீயரிங்கில் எல்லாம் பஞ்சால் துடைத்து மாதிரி எடுத்தார்கள். அறிக்கை ஸ்ரீலக்ஷ்மிக்கும் வந்தது. டெம்போவில் கிருமி இல்லை. இடது பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. ஓட்டுநர் எச்சரிக்கப்பட்டார். புகார் திருப்திகரமாக முடித்துவைக்கப்பட்டது.

அதற்குச் சில நாள் கழித்து வாரியத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். திசுப் பாதுகாப்பு தினம் கொண்டாடுகிறார்களாம். பயனாளிகளின் குடும்பத்திலிருந்து ஒருவர் மேடையில் பேச வேண்டுமாம். நவாஸ்தியின் கணக்கின்படி மிகவும் மகிழ்ச்சி என்று நேரில் தெரிவித்த ஒரே குடும்பம் இவர்களுடையதாம்.

ஸ்ரீலக்ஷ்மி போனை வைத்துவிட்டு, வளையங்களுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்த சந்துருவிடம் சொன்னாள். "வரமாட்டேன்னு சொல்லப்போறேன். வெக்கங்கெட்டவா."

சந்துரு மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"கூட்டத்துக்கு யாரெல்லாம் வருவா?"

"எலும்பு டாக்டரெல்லாம் வருவாளாம். சாப்பாடு பெரிசா இருக்குமாம்."

"மைக் குடுப்பாளா?"

"பேசத்தானே கூப்பிட்டிருக்கா, குடுப்பா."

"போய்ட்டு வா" என்றான்.

விழா ஒரு ஹோட்டலில் நடந்தது. தீ விபத்துத் தடுப்பு விதிப்படி குத்துவிளக்கில் திரி கிடையாது. சிறப்பு விருந்தினர் ஒரு சுவிட்சைப் போட, ஐந்து முகத்திலும் பல்பு எரிந்தது. வரவேற்புரை, பாதுகாப்பு உறுதிமொழி, பாதுகாப்புப் பாட்டு. அனந்தராமன் பேசும்போது, உலகத்திலேயே திசுக்கள் பயணம் செய்யும் வாகனங்களை இவ்வளவு கடுமையாக ஆய்வு செய்யும் அமைப்பு வேறு இல்லை என்றார். பிறகு விருது. இத்தனை ஆண்டுகளில் ஒரு எலும்பைக்கூடத் திரும்பப் பெற நேராத சாதனைக்காக நவாஸ்தி திசு வங்கிக்குத் தங்க முலாம் பூசிய ஒரு தொடை எலும்பு. வைஷாலி பராஞ்ச்பே அதைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி, கண் கலங்கினார்.

அதன்பின் ஸ்ரீலக்ஷ்மியை அழைத்தார்கள்.

மேடையிலிருந்து பார்த்தபோது அறை முழுக்க டாக்டர்கள். பாதிப் பேர் தட்டோடு இருந்தார்கள். இரண்டாவது வரிசையில் நிம்பாள்கர். அவள் பேச்சு எதுவும் தயார் செய்திருக்கவில்லை. கம்பெனியில் மைக்கில் தொகுதி எண் வாசிக்கும்போது வாசிப்பாளே, அதே குரலில், ஆங்கிலத்தில், எண்ணை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

"இந்த எண் போட்ட எலும்பை என் கணவருக்கு வைத்தார்கள். அதில் கிருமி இருந்தது. எடுத்துவிட்டார்கள். அவர் கால் இனி பழையபடி ஆகாது. உங்களில் யாராவது இதே எண்ணை யாருக்காவது வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே கூப்பிட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். அவ்வளவுதான்."

அவள் நிறுத்தியதும் தொகுப்பாளினி கைதட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். வைஷாலி பராஞ்ச்பேயும் தங்க எலும்பை மடியில் வைத்துக்கொண்டு தட்டினார். "மனதைத் தொட்ட வார்த்தைகள்" என்று தொகுப்பாளினி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் நின்ற ஒரு டாக்டர் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். பிறகு இன்னொருவர். பிறகு கதவருகே கூட்டமே ஆகிவிட்டது.

நிம்பாள்கரும் எழுந்தார். அவள் பக்கம் பார்க்காமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். சந்துருவுக்கு எலும்பை எடுத்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மனிதருக்கு இன்றுதான் யாரையோ கூப்பிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

வாரியம் விரைந்து செயல்பட்டது. அடுத்த வாரமே ஒரு சுற்றறிக்கை வந்தது. தொகுதி எண்கள் பொதுமக்களிடையே வீண் பீதியைக் கிளப்புவதால், பாதுகாப்பை முன்னிட்டு இனிமேல் நோயாளிகளின் ஃபைலில் ஒட்டும் சீட்டில் எண் அச்சிடப்பட மாட்டாது. அதே வாரம், அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த விளம்பரப் பிரிவு, விழாவின் வீடியோவை இணையத்தில் ஏற்றியது. தலைப்பு: ஒரு மனைவியின் நெகிழவைக்கும் நன்றி. கீழே ஸ்ரீலக்ஷ்மியின் பெயர், வேலை பார்க்கும் கம்பெனி எல்லாம் போட்டிருந்தார்கள். பேச்சைக் கடைசிவரை கேட்டவர் அந்த மாடியில் யாரும் இல்லைபோல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புது எண். ஒரு இளம்பெண்ணின் குரல்.

"ஸ்ரீலக்ஷ்மி ஆன்ட்டியா? நான் சஹானா. ஹிஞ்சவடில ஐடில ஒர்க் பண்றேன். என் தமிழ் கொஞ்சம்... சாரி. உங்க ஆபீஸ்ல கேட்டு நம்பர் வாங்கினேன்."

"சொல்லும்மா."

"எனக்கு முதுகுல சர்ஜரி ஆச்சு ஆன்ட்டி. டாக்டர் போன வாரம் கால் பண்ணி, ஃபீவர் இருக்கான்னு கேட்டார். இல்லைன்னு சொன்னேன், குட் குட்னு வெச்சுட்டார். ஏன் கேட்டார்னு சொல்லலை. அப்புறம் உங்க வீடியோ பாத்தேன். ஃபைல்ல நம்பர் செக் பண்ணேன். அதேதான்."

"இப்போ ஜுரம் இருக்கா?"

"நேத்துலேர்ந்து. டாக்டர் கிட்ட சொன்னேன். ஹாஸ்பிடல்ல இன்ஃபெக்‌ஷனே கிடையாது, நிறைய தண்ணி குடி, ரெஸ்ட் எடுங்கறார். ரூம்மேட் ஊருக்குப் போயிட்டா. அம்மா கோயம்புத்தூர்ல இருக்கா, சொன்னா பயந்துடுவா. ஆன்ட்டி, நான் இதை யார்கிட்ட சொல்லணும்?"

ஸ்ரீலக்ஷ்மி அடுப்பை அணைத்தாள். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த எல்லா இடமும் வரிசையாக நினைவுக்கு வந்தன. கோட்டுப் போட்ட மூன்று பேர், முத்து மாலை, பிளாஸ்க் காபி.

"முதுகுலேர்ந்து ஏதாவது கசியறதா? கையை வெச்சுப் பாரு."

"ஈரமா இருக்கு ஆன்ட்டி."

"அட்ரஸ் அனுப்பு. ஃபைலை எடுத்து வெச்சுக்கோ. அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், வேற இடம் போலாம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியானாலும் பரவாயில்லை. நான் கிளம்பிட்டேன்."

புடவையை மாற்றக்கூட இல்லை. ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே கட்டிலிலிருந்து சந்துரு கேட்டான்.

"யாரு போன்ல?"

"சொந்தக்காரப் பொண்ணு. உடம்பு சரியில்லை, பாத்துட்டு வரேன்."

"புனேல நமக்கு ஏது சொந்தம்? எந்த வழில?"

"உன் கால் வழில" என்று சொல்லிவிட்டு, அவள் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.